அலமாரி செய்யப் போகிறீர்களா? முதலில் ஹேங்கரை அளந்துவிடுங்கள்

புது அலமாரியில் முதல் சட்டையை மாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினேன். சாத்த முடியவில்லை. ஹேங்கரின் நுனி கதவில் இடித்து, கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி அப்படியே நின்றது. ஆசாரியைக் கூப்பிட்டேன். டேப்பை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "அக்கா, உள்ளே பதினாறரைதான் வருது. ஹேங்கரே பதினேழரை இருக்கே" என்றார்.

மேடவாக்கத்தில் இரண்டு படுக்கையறை வீடு எங்களுடையது. பெரிய அறையில் கட்டும்போதே 18 அங்குல ஆழத்தில் கடப்பா கல் தட்டு வைத்து அலமாரிக் குழி விட்டிருந்தார்கள். கல்லை எடுத்துவிட்டு அதற்குள்ளேயே பலகை அடித்துக் கதவு போட்டுக்கொள்ளலாம் என்று நானும் சொன்னேன், அவரும் தலையாட்டினார். பூச்சு, பின்பலகை, உள்ளடங்கிய கதவு எல்லாம் போக எவ்வளவு மிஞ்சும் என்று இரண்டு பேரும் கணக்குப் போடவில்லை. ஒரு லட்சத்துக்குக் கிட்டத்தட்ட செலவழித்த பிறகு சட்டைகளை மடித்துத்தான் வைக்கிறோம். எட்டு மாதம் கழித்து அம்மாவின் அறைக்குச் செய்தபோது ஒவ்வொன்றையும் விசாரித்து, எழுதி வாங்கிச் செய்தேன். அந்த இரண்டாவது முறை கற்றுக்கொண்டதுதான் கீழே இருப்பது. விலைகள் சென்னையில் சென்ற ஆண்டு எனக்குச் சொன்னவை. உங்கள் ஊரில் கொஞ்சம் ஏறும், இறங்கும்.

1. சுவரை அளக்கும் முன் துணியை அளங்கள்

எல்லோரும் சுவரை அளப்பதில்தான் தொடங்குகிறார்கள். அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். பீரோ, கட்டில் பெட்டி, கதவுக்குப் பின்னால் தொங்கும் பை எல்லாவற்றையும் காலி செய்து கட்டில்மேல் கொட்டி, மூன்று பட்டியல் போடுங்கள்: மாட்ட வேண்டியவை, மடிக்க வேண்டியவை, ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் எடுப்பவை.

அம்மாவிடம் புடவை மட்டும் 94 இருந்தது. அதில் பட்டு 22. தினமும் கட்டுவது சுழற்சியில் ஒரு பதினைந்து. இந்தக் கணக்கு தெரிந்ததும் வரைபடம் தானாக மாறிவிட்டது. அலமாரிக் கம்பெனிக்காரர் காட்டிய படத்தில் பாதி அகலம் தொங்கும் கம்பிக்கே போயிருந்தது. அம்மாவுக்குத் தேவைப்பட்டதோ தட்டு, தட்டு, தட்டு.

மாட்டும் துணியை ஹேங்கரோடு தொங்கவிட்டு, கம்பியிலிருந்து கீழ்நுனி வரை அளங்கள். சட்டைக்கு 40 அங்குலம் போதும். சுடிதார் டாப், நைட்டிக்கு 50 முதல் 54 வரை போகும். மாட்டி வைக்கும் புடவையை நீங்கள் மடிக்கும் மடிப்பிலேயே போட்டு அளங்கள், அது வீட்டுக்கு வீடு மாறும். பட்டுப்புடவையை மட்டும் மாட்டாதீர்கள். ஜரிகையின் எடைக்குத் துணி இழுபடும். மல் துணியில் சுற்றி, ஐந்தாறுக்கு மேல் அடுக்காமல் படுக்க வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுவதுதான் அதற்குப் பாதுகாப்பு. அதற்காகவே அம்மாவுக்கு 8 அங்குல உயரத்தில் நான்கு தட்டுகள் கேட்டு வாங்கினேன். வழக்கமாகப் போடும் 14 அங்குலத் தட்டில் புடவையை உச்சிவரை அடுக்கத்தான் கை போகும். அடியில் இருப்பதை உருவினால் மொத்தமும் சரியும்.

துணி அல்லாதவற்றையும் எழுதுங்கள். இஸ்திரி மேசை, சுருட்டிய கோரைப்பாய், ஒட்டடைக் கம்பு, விருந்தாளி மெத்தை. இவை எந்தத் தட்டிலும் அடங்காது. ஓரத்தில் 10 அங்குல அகலத்தில் உயரமான ஒரு சந்து விட்டால் எல்லாம் அதற்குள் நின்றுகொள்ளும். இதைக் கேட்டால்தான் செய்வார்கள்.

2. சுவரை மூன்று இடத்தில் அளங்கள்

அகலத்தைத் தரையில், இடுப்பளவில், உச்சியில் என மூன்று இடத்தில் அளங்கள். மூன்றில் சிறியதுதான் உங்கள் அளவு. எங்கள் சுவர் மேலே போகப் போக ஐந்து நூல் உள்ளே சாய்ந்திருந்தது. (எட்டு நூல் ஒரு அங்குலம். வட இந்திய ஆட்கள் இதையே சூத் என்பார்கள்.) ஆழத்துக்கும் உயரத்துக்கும் இதே கதைதான்.

அளக்கும்போதே இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: சுவிட்ச் போர்டு எங்கே, ஏசியின் தண்ணீர்க் குழாய் எங்கே, பீம் எவ்வளவு இறங்குகிறது, கட்டில் போட்டபின் நடக்க எவ்வளவு இடம் மிஞ்சுகிறது. திறக்கும் கதவு வைப்பதென்றால் கதவின் அகலத்துக்கு மேல் ஓரடியாவது நிற்க இடம் வேண்டும். அது இல்லாத அறைக்குத்தான் நகரும் கதவு. ஆனால் நகரும் கதவின் தண்டவாளம் மூன்று அங்குல ஆழத்தைத் தின்றுவிடும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

அலமாரி வரும் சுவருக்குப் பின்னால் குளியலறை இருந்தால் இங்கேயே நிறுத்தி ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரில் இரண்டு நாள் விட்டுவிடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவில் நீர் முத்து கோர்த்திருந்தால் அந்தச் சுவரில் ஓதம் இருக்கிறது. குளியலறைக் கசிவைச் சரிசெய்யாமல் அங்கே அலமாரி வைத்தால், எவ்வளவு விலை உயர்ந்த பலகையானாலும் உள்ளே பூஞ்சை வரும். அம்மா அறையில் இப்படித்தான் தெரியவந்து, டைல்ஸ் இணைப்புகளை அடைத்து, மூன்று வாரம் காயவிட்டு, பிறகுதான் வேலையைத் தொடங்கினோம்.

3. உள்ளளவுகளை நீங்களே வரையுங்கள்

கட்டம் போட்ட தாள் போதும். கணினிப் படம் அழகாக இருக்கும், ஆனால் அதில் உள்ளளவு இருக்காது. நான் வைத்துக்கொண்ட அளவுகள்:

வெளி ஆழம் 24 அங்குலம். பின்பலகையும் கதவும் போக, ஹேங்கர் இருபக்கமும் இடிக்காமல் நிற்க இதுதான் குறைந்தபட்சம். உங்களிடம் 18 அங்குலக் குழிதான் இருக்கிறதென்றால் இரண்டு வழி: சட்டத்தை ஆறு அங்குலம் வெளியே நீட்டலாம், அல்லது துணி கதவைப் பார்த்து நிற்கும்படி முன்னால் இழுக்கும் கம்பி போடலாம்.

தட்டின் நீளம் ஒரே வீச்சில் 3 அடியைத் தாண்டக் கூடாது. 18 மி.மீ. பலகையே ஆனாலும் நான்கடி நீளத்தில் துணி அடுக்கினால் ஓரிரு ஆண்டில் நடுவில் தொய்யும். கதவின் அகலம் 18 அங்குலத்துக்குள் இருந்தால் கீலுக்கு நல்லது. ஏழடிக் கதவுக்கு நான்கு கீல் கேளுங்கள். மூன்றோடு முடித்துவிடுவது வழக்கம்.

டிராயரில் ஒரு பொறி இருக்கிறது. கதவுக்கு உள்ளே டிராயர் வைத்தால், கதவு முழுவதும் திறந்தாலும் கீலின் தடிமனும் கதவின் ஓரமும் டிராயரின் வழியில் நிற்கும். இழுக்கும்போது கதவை உரசி, மைக்கா உரியும். கீல் இருக்கும் பக்கம் இரண்டு அங்குலம் கட்டை கொடுத்து டிராயரை உள்ளே தள்ள வேண்டும். இதை முதலிலேயே சொல்லாவிட்டால், டிராயர் செய்து முடித்த பிறகு எல்லாவற்றையும் அறுத்துக் குறைப்பார்கள். எங்கள் முதல் அலமாரியில் அறுத்தார்கள். அறுத்த ஓரம் இன்னும் அதை மூடி ஒட்டும் பட்டி இல்லாமல் கையைக் குத்துகிறது.

அடியில் 4 அங்குலப் பீடம் வேண்டும். அதைப் பலகையில் செய்யாதீர்கள். செங்கல் வைத்துப் பூசி மேலே கிரானைட் துண்டு போட்டால் மாப் போடும் தண்ணீர் பலகையைத் தொடாது, கரையானுக்கும் வழி குறையும். தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் குடியிருப்பின் தரைத்தள வீடுகளில் முழங்கால் தண்ணீர் நின்றது. மரத்தூள் பலகையில் செய்த அலமாரிகள் அடியில் ரொட்டி போல ஊதிப் போயின. அந்த வீட்டுக்காரர்கள் இப்போது கீழ் இரண்டடியைக் கல் தட்டாகவே வைத்துக்கொண்டு அதற்கு மேல்தான் பலகை ஏற்றியிருக்கிறார்கள். அழகு கொஞ்சம் குறைவுதான். ஆனாலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் தரைத்தளத்தில் யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

4. பரணுக்கு மின்விசிறியைப் பாருங்கள்

கொலு பொம்மை, அண்டா, பெட்டிகள் எல்லாம் பரணுக்குத்தான் போகும். அதனால் பரணின் ஆழத்தை உங்கள் மிகப்பெரிய பெட்டியை வைத்து முடிவு செய்யுங்கள். பரண் கதவு திறந்தால் மின்விசிறியின் இறக்கையில் படுகிறதா என்று இப்போதே பாருங்கள். சின்ன அறைகளில் இது அடிக்கடி நடக்கிறது. அலமாரி பரண் வரை போகிறதென்றால், அதையும் கீழ் அலமாரியையும் ஒரே நீளக் கதவாகப் போடாதீர்கள். ஒன்பதடிக் கதவு வளையும்.

5. பலகை வாங்கும்போது பார்க்க வேண்டியது

பிளைவுட்டில் மூன்று தரம். எம்.ஆர். என்பது ஈரக்காற்றைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. பி.டபிள்யூ.ஆர். அதற்கு மேல். இந்த இரண்டும் ஐ.எஸ். 303 என்ற இந்தியத் தரநிலையில் வரும். பி.டபிள்யூ.பி., அதாவது மரைன் பிளைவுட், ஐ.எஸ். 710-இல் வரும். 72 மணி நேரம் கொதிநீரில் போட்டாலும் ஒட்டு பிரியக் கூடாது என்பது அதற்கான சோதனை. கடைக்காரர் வாயால் '710' என்றால் போதாது. பலகையின் மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதன் கீழே உரிம எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தத் தொழிற்சாலை, உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்த்துவிடலாம். சைடன்ஹாம்ஸ் சாலையில் நான் போன இரண்டாவது கடையில் எண்ணைத் தட்டச்சு செய்ய ஆரம்பித்ததுமே, "மேடம், அது வேற லாட், உள்ளே நல்லது இருக்கு, எடுத்துட்டு வரச் சொல்றேன்" என்றார்கள்.

எல்லா இடத்துக்கும் மரைன் தேவையில்லை. குளியலறைச் சுவர் பக்கமும் தரையை ஒட்டிய பகுதியும் மரைன், மற்ற இடத்துக்கு பி.டபிள்யூ.ஆர். என்பது என் முடிவு. 18 மி.மீ. மரைன் சதுர அடி 120 ரூபாய்க்கு வாங்கினேன். எட்டுக்கு நான்கு பலகை ஒன்று 32 சதுர அடி, அதாவது 3,840 ரூபாய். பி.டபிள்யூ.ஆர். 88 ரூபாய். வாங்கும்போது ஓரத்தைப் பாருங்கள். அடுக்குகளுக்கு நடுவே ஓட்டை தெரிந்தால் அங்கே ஆணி பிடிக்காது. தடிமனையும் அளங்கள். 18 என்று சொல்லி 16 தருவது உண்டு.

கம்பெனி மாடுலர் அலமாரிகள் பெரும்பாலும் மரத்தூள் பலகையிலோ, மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப்.-இலோ வரும். இயந்திரத்தில் ஒட்டுவதால் ஓரப் பட்டி சுத்தமாக இருக்கும், வீட்டில் தூசி இருக்காது. உலர்ந்த சுவருக்கு அது தவறில்லை. என்ன பலகை என்று மட்டும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கீல், டிராயர் நகரும் சேனல், கைப்பிடிகளைப் பாரிமுனை செம்புதாஸ் தெருவில் நேராகப் போய் வாங்கினேன். திருவான்மியூர், பெசன்ட் நகர் போலக் கடற்கரையை ஒட்டியிருப்பவர்கள் துருப்பிடிக்காத 304 எஃகுக் கீலே வாங்குங்கள். உப்புக்காற்றில் சாதாரணக் கீல் சீக்கிரமே சிவந்துவிடும்.

6. சதுர அடி என்றால் எந்தச் சதுர அடி?

அதிகம் பேர் கையைச் சுட்டுக்கொள்வது இங்கேதான். நிதானமாகப் படியுங்கள்.

ஆறடி அகலம், ஏழடி உயரம், இரண்டடி ஆழம் உள்ள அலமாரியின் முகப்பு 42 சதுர அடி. பொருளும் கூலியும் சேர்த்து முகப்பின் சதுர அடிக்கு 1,500 ரூபாய் என்று ஒருவர் சொன்னார். 63,000. இன்னொருவர் சதுர அடி 400-தான் என்றார். எவ்வளவு மலிவு என்று சந்தோஷப்பட்டேன். அவர் அளப்பது முகப்பை இல்லை, உள்ளே போகும் ஒவ்வொரு பலகையையும். இரண்டு பக்கமும் நடுத்தடுப்பும் 42, மேலும் கீழும் 24, ஆறு தட்டுகள் 36, பின்பலகை 42, கதவு 42, டிராயர் ஏறக்குறைய 20. மொத்தம் 206 சதுர அடி. 400-ஆல் பெருக்கினால் 82,400.

எனவே முதல் கேள்வி: "முகப்பு அளவா, பலகை அளவா?" இரண்டாவது: பரண் அதே விலையா, தனியா? எனக்குப் பரண் முகப்பு 900 ரூபாய். 12 சதுர அடிக்கு 10,800. மூன்றாவது: உட்பக்க மைக்கா சேர்த்தியா? பல பேர் உள்ளே வெறும் வண்ணம் அடித்துவிடுவார்கள். நான்காவது: கைப்பிடி, பூட்டு, கண்ணாடி, தொங்கும் கம்பி? ஐந்தாவது: பலகையை மாடி ஏற்றும் கூலி? எட்டடிப் பலகை பெரும்பாலான லிஃப்டில் நுழையாது, படி வழியாகத் தூக்குவதற்கு மாடிக்கு இவ்வளவு என்று கேட்பார்கள்.

பிறகு ஜி.எஸ்.டி. இந்த வேலைக்கு 18 விழுக்காடு. மேலே சொன்ன 63,000-மும் 10,800-மும் சேர்ந்து 73,800. வரி 13,284. கையிலிருந்து போவது 87,084. பதிவு செய்தவர் மட்டும்தான் இந்த வரியை வாங்க முடியும். பில்லில் 15 இலக்க ஜி.எஸ்.டி. எண் இல்லாமல் 18 விழுக்காடு கேட்டால் கொடுக்காதீர்கள். எண்ணை ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போட்டுச் சரிபார்க்கலாம்.

7. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

குடியிருப்புச் சங்கத்தின் அனுமதிக் கடிதம். எங்கள் சங்கத்தில் 10,000 ரூபாய் முன்வைப்பு, காலை 9 முதல் மாலை 6 வரை வேலை, ஞாயிறு கிடையாது. வேலையாட்களின் அடையாள அட்டை நகலும் கேட்டார்கள். கடிதம் கிடைக்க ஒரு வாரம் ஆனது. வாடகை வீடென்றால் உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், காலி செய்யும்போது அலமாரி யாருக்கு என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

கட்டுநரிடமிருந்து குழாய், மின்கம்பி வரைபடம். சுவரில் துளை போடும் முன் இது வேண்டும்.

வேலை ஒப்பந்தம். பெரிய பத்திரம் ஒன்றும் வேண்டாம், இரண்டு பக்கம் போதும். பலகையின் பெயர், தரம், தடிமன், மைக்காவின் எண், கீல் எத்தனை, உங்கள் வரைபடம், தொடங்கும் நாள், முடிக்கும் நாள், தவணை. இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு நகல். பலகை பில்லை உங்கள் பெயரிலேயே போடச் சொல்லுங்கள். கரையான் அரித்தால் பலகைக் கம்பெனி உத்தரவாதத்துக்கு அந்த பில்லைத்தான் கேட்கும். ஒப்புக்கொண்டபடி வேலை நடக்காமல் பேச்சும் எடுபடாத நிலை வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கேயும் முதலில் இந்தக் காகிதங்களைத்தான் கேட்பார்கள்.

8. எந்த மாதம்?

ஆடியில் தொடங்குங்கள். ஆடியில் யாரும் கிரகப்பிரவேசம் வைப்பதில்லை, எனவே நல்ல ஆசாரிகள் கையில் வேலை குறைவாக இருக்கும், பேரம் பேசவும் இடமுண்டு. ஆவணி முகூர்த்தங்கள் வந்துவிட்டால் அவர்களைப் பிடிக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை ஈரத்தில் ஒட்டு காயத் தாமதமாகும், கதவு ஊதும். வட இந்திய ஆட்களென்றால் தீபாவளிக்கும் ஹோலிக்கும் ஊருக்குப் போய் மூன்று வாரம் கழித்துத்தான் திரும்புவார்கள். அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆசாரி வீட்டிலேயே செய்தால் ஓர் அலமாரிக்கு 12 முதல் 15 நாள். கம்பெனி என்றால் அளவெடுத்த நாளிலிருந்து 45 நாள் சொன்னார்கள். இரண்டிலும் ஒரு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

9. பெட்டி நின்றதும் ஹேங்கரை எடுத்துக்கொண்டு போங்கள்

சட்டம் நின்று, கதவு போடுவதற்கு முன் ஒரு நாள் வரும். அந்த நாளில் கட்டாயம் வீட்டில் இருங்கள். சட்டை மாட்டிய ஹேங்கர், மடித்த புடவை, பெரிய பெட்டி மூன்றையும் உள்ளே வைத்துப் பாருங்கள். கம்பி அம்மாவுக்கு எட்டுகிறதா என்று அம்மாவையே நிற்க வைத்துப் பார்த்தேன். எட்டவில்லை. ஐந்து அங்குலம் இறக்கினார்கள், அரை மணி நேர வேலை. கதவும் மைக்காவும் முடிந்தபிறகு என்றால் அது இரண்டு நாள் வேலை.

சுவரோடு சேரும் பலகையின் பின்பக்கத்துக்கும் பூச்சு கொடுத்தார்களா, அறுத்த ஓரம் எல்லாவற்றுக்கும் பட்டி ஒட்டினார்களா, சுவிட்ச் போர்டுக்கு வெட்டினார்களா என்பதையும் அன்றே பாருங்கள். கரையான் மருந்து அடிப்பதும் சட்டம் நிற்பதற்கு முன்புதான், சுவரும் தரையும் சேரும் இடுக்கில்.

10. பணத்தை எப்படிப் பிரிப்பது

முன்பணம் 10 விழுக்காடு. பலகை வீட்டுக்கு வந்து, முத்திரையைப் பார்த்தபின் 40. சட்டம் நின்றதும் 25. கதவு, மைக்கா முடிந்ததும் 15. கடைசி 10 விழுக்காட்டை, அலமாரியில் துணி வைத்துப் பதினைந்து நாள் புழங்கிய பிறகு கொடுப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். முதல் அலமாரிக்கு நான் மொத்தத்தையும் முன்னாடியே கொடுத்துவிட்டேன். டிராயர் ஓரத்துக்குப் பட்டி ஒட்ட இன்றுவரை யாரும் வரவில்லை. இரண்டாவது முறை பதினான்காம் நாளே அவர் தானாகப் போன் செய்து, "அக்கா, ஏதாவது இறங்கியிருக்கா, வந்து பார்க்கட்டுமா?" என்று கேட்டார். வந்து ஒரு கதவின் கீலை இரண்டு திருகு திருப்பி நேராக்கினார், டிராயர் சேனலுக்கு எண்ணெய் விட்டார், பணத்தை வாங்கிக்கொண்டு போனார்.

புதுப் பலகைக்கும் பசைக்கும் ஒரு நெடி இருக்கும். துணியை வைப்பதற்கு முன் ஒரு வாரமாவது கதவைத் திறந்தே போட்டு, ஜன்னலையும் திறந்து வையுங்கள். பட்டுப்புடவையைக் கடைசியாக உள்ளே வையுங்கள். அந்துருண்டை போடுவதென்றால் துணியில் முடிந்து ஓர் ஓரத்தில் வையுங்கள், ஜரிகையில் பட்டால் கறுத்துவிடும்.